படிக்கட்டுக்கு அடியில் ஒரு முளைப்பாரி

1

இந்த மாதம் மகளின் ஆண்டுப் பரிசோதனைக்குப் போனபோது வழக்கம்போல ஒரு படிவத்தைக் கையில் கொடுத்தார்கள். இங்கிலாந்தில் எதற்கும் படிவம் உண்டு. படிவம் நிரப்பாமல் இங்கே தும்மக்கூட முடியாது என்று என் வீட்டுக்காரர் சொல்வார். இரண்டாவது பக்கத்தில் ஒரு கேள்வி: கடந்த ஓராண்டில் மக்கிய எரு, வைக்கோல், ஈரம் பிடித்த சுவர் ஆகியவற்றின் பக்கத்தில் இருந்ததுண்டா?

போன வருஷம் நர்ஸ் இதே கேள்வியை வாய்விட்டுக் கேட்டபோது நான் "இல்லை" என்றேன். அது பொய். இந்த வருஷம் "ஆம்" என்று எழுதினேன். 'விவரம்' என்று விட்டிருந்த ஒற்றை வரி எனக்குப் போதவில்லை. காகிதத்தைத் திருப்பிப் பின்பக்கம் முழுக்க எழுதினேன். அங்கே ஆங்கிலத்தில் தட்டுத்தடுமாறி எழுதியதை, நம் அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்து ஜனங்களுக்காக இங்கே நிதானமாகத் தமிழில் எழுதுகிறேன். உங்களுக்கென்றால் முளைப்பாரி என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. அந்தமட்டில் நிம்மதி.

2

என் மகள் தாரணிக்குப் பதினேழு வயது. பிறந்த மூன்றாம் வாரமே, குதிகாலில் குத்தி எடுத்த ரத்தத்தைப் பார்த்து, அவளுக்கு சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்று சொல்லிவிட்டார்கள். பரம்பரையாக வரும் நோய். எல்லோருக்கும் நுரையீரலுக்குள் தண்ணீராக ஓட வேண்டிய சளி, இவளுக்குப் பசையாகக் கெட்டிப்பட்டுவிடும். கிருமி உள்ளே போனால் வெளியே வர வழி கிடைக்காது. தின்பது செரிக்கவும் உடம்பு சுரப்பது போதாது. வியர்வையில் உப்பு அளவுக்கு மீறிப் போகும். குழந்தையை முத்தமிடும்போதெல்லாம் உதட்டில் உப்புக் கரித்தது எனக்கு. டாக்டர் சொல்லும் முன்பே என் வாய்க்கு அது தெரிந்திருந்தது.

புதிதாக வந்த மாத்திரை ஒன்று இந்த நோய்க்காரர்கள் பலருடைய வாழ்க்கையையே மாற்றிவிட்டது. தாரணிக்கு வாய்த்த கோளாறு அதற்கு அடங்காத வகை. அதனால் அவளுக்கு இன்றும் பழைய பாடுதான். காலையில் எழுந்ததும் ஆவி மருந்து, பிறகு அரைமணி நேரம் மூச்சுப் பயிற்சி, இருமிச் சளியைத் துப்புவது, அதன் பிறகே பள்ளிக்கூடம். மாலையில் மறுபடியும். சாப்பாட்டுக்கு முன் செரிமான மாத்திரை. பதினேழு வருஷத்தில் இவள் இதை ஒருநாள் தவறவிட்டதாக எனக்கு நினைவில்லை. நான் ஒரு வாரம் தொடர்ந்து நடைப்பயிற்சி போனதில்லை.

ஆஸ்பத்திரியில் அந்தச் செய்தியைக் கேட்ட அன்று, எம்.ரெட்டியபட்டியில் எங்கள் தெருக் காளியம்மனுக்கு நான் நேர்ந்துகொண்டேன். பிள்ளை பிழைத்துப் பெரியவளானால் பங்குனிப் பொங்கலுக்கு அவள் தலையில் முளைப்பாரி எடுக்க வைக்கிறேன் என்று. பிள்ளை பெரியவளானாள். ஊருக்குக் கூட்டிப்போகத்தான் எனக்குத் தைரியம் வரவில்லை. புழுதி, பருத்தித் தூசி, சோளத்தட்டை, மாட்டுக்கொட்டம். நினைத்தாலே எனக்கு மூச்சு முட்டும்.

3

போன வருஷப் பங்குனியில் எனக்கு ஒரு யோசனை வந்தது. அதை யோசனை என்று சொல்ல இப்போது கூசுகிறது. அவளை ஊருக்குக் கொண்டுபோக முடியாவிட்டால் என்ன, முளைப்பாரியை இங்கே போட்டுவிட்டால் ஆயிற்று.

ஊரில் செய்வதை ஒன்று விடாமல் செய்தேன். கரம்பை மண்ணுக்குப் பதில் தோட்டக் கடையில் விற்கும் மண். சாணத்தூளுக்குப் பதில் குதிரைச் சாணத்தில் மக்கிய எரு, ஒரு மூட்டை. முயல் வளர்ப்பவர்களுக்கென்று விற்கும் வைக்கோல். தட்டாம்பயறு, மொச்சை, பாசிப்பயறு, கம்பு. முளைப்பாரிக்கு வெளிச்சம் ஆகாது, கண்டவர் கண் படக்கூடாது. எங்கள் வீட்டில் அப்படிப்பட்ட இடம் ஒன்றே ஒன்றுதான்: மாடிப்படிக்கு அடியில், கோட்டுகளும் விளக்குமாறும் வைக்கிற சின்ன அறை. பக்கத்திலேயே வெந்நீர்க் கொதிகலன் இருப்பதால் உள்ளே கதகதப்பாக இருக்கும். பத்து நாள் காலையில் குளித்துவிட்டுத் தண்ணீர் தெளித்தேன். பாரி முழ உயரத்துக்கு வெளிர் மஞ்சளாக வளர்ந்து நின்றபோது கண் கலங்கிவிட்டது. எங்கள் தெருவில்கூட அப்படி வளர்ந்து நான் பார்த்ததில்லை.

தாரணி கேட்டாள், "அம்மா, என் கோட் எடுக்கணும், ஏன் லாக் பண்ணியிருக்க?"

"சாமி இருக்கு. நான் எடுத்துத் தாரேன்."

அவள் தோளைக் குலுக்கிவிட்டுப் போனாள். அந்த வயதில் என் சாமியும் என் பேச்சும் அவளுக்கு ஒன்றுதான். தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும், பிறகு அறைக்கதவு சாத்தும் சத்தம் வரும்.

பத்தாம் நாள் பாரியைப் பையில் மறைத்து எடுத்துப்போய் வாய்க்காலில் கரைத்தேன். நாயோடு நடந்து வந்த ஒருவர் நின்று, இது என்ன என்று கேட்டார். பதற்றத்தில் "சாலட்" என்று சொல்லிவிட்டேன். வாய்க்காலுக்கு சாலட் போடும் பெண்ணை அவர் வெகுநேரம் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

இதில் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று இருக்கிறது. நான் அருப்புக்கோட்டைக் கல்லூரியில் பி.எஸ்ஸி. தாவரவியல் படித்தவள். ஈர வைக்கோலிலும் மக்கும் எருவிலும் வளரும் ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சையைப் படம் வரைந்து பாகம் குறித்து, பத்துக்கு ஒன்பது மார்க் வாங்கியவள்.

4

சில வாரம் கழித்து தாரணிக்கு இருமல் மாறியது. இருமலில் வகை பிரிக்க எனக்குத் தெரியும். இது புதுசு. இழுப்பும் கூடவே வந்தது. துப்பும் சளியில் பழுப்பாகச் சின்னச் சின்னக் கட்டிகள் வந்தன. ஊதிப் பார்க்கும் கருவியில் அவளுடைய கோடு ஒவ்வொரு முறையும் இறங்கியது. அந்தக் கருவியை இயக்கும் பெண், "விடாதே, விடாதே, இன்னும், இன்னும்" என்று கத்திக்கொண்டே இருப்பாள். தாரணி முகம் சிவக்க ஊதுவாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, என்னை அறியாமல் நானும் ஊதிக்கொண்டிருப்பேன்.

ஆண்டுப் பரிசோதனையில் சளியை வளர்த்துப் பார்த்தபோது ஆஸ்பர்ஜில்லஸ் வந்தது. டாக்டர் பொறுமையாக விளக்கினார். இந்தப் பூஞ்சையின் வித்து எல்லா ஊர்க் காற்றிலும் இருக்கிறது. நாம் எல்லோரும் தினமும் மூச்சில் இழுக்கிறோம், நம் நுரையீரல் அதைக் கூட்டித் தள்ளிவிடுகிறது. இவளுடையதைப் போலக் கெட்டிச் சளி உள்ள நுரையீரலில் அது தங்கிவிடும். சிலருக்குள் சும்மா குடியிருக்கும், தொந்தரவு செய்யாது. சிலருடைய உடம்பு அதை ஒத்துக்கொள்ளாமல் சண்டைக்குப் போகும். பூஞ்சையைவிட அந்தச் சண்டைதான் நுரையீரலைக் கெடுக்கும். தாரணிக்கு ரத்தப் பரிசோதனையும் அந்தச் சண்டையைத்தான் காட்டியது.

"எனக்குள்ள குடி வந்துட்டு வாடகையும் குடுக்கல," என்றாள் தாரணி. டாக்டர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிறகு நர்ஸ் ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு கேட்டாள். வீட்டில் ஈரம்? மக்கிய எரு? வைக்கோல்? குதிரை லாயம்? முளைப்பாரி போட்டதை வெளியே சொல்லக்கூடாது என்று ஒரு மனம். சொன்னால் என்னை எப்படிப்பட்ட தாய் என்று நினைப்பார்கள் என்று இன்னொரு மனம். உண்மையில் இரண்டாவதுதான் பெரிது. "இல்லை" என்றேன்.

5

அந்த ஒரு சொல்லுக்காக ஒரு படையே கிளம்பியது. எரு இல்லை, வைக்கோல் இல்லை என்றால் வீட்டுச் சுவரில்தான் ஈரம் இருக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரி நகராட்சிக்கு எழுதியது. நகராட்சி வீட்டு உரிமையாளருக்கு எழுதியது. அவர் எனக்கு எழுதினார். நான் மூன்று படிவம் நிரப்பினேன். கடைசியில் சுவரில் ஈரம் பார்க்கிற கருவியோடு ஒருவர் வந்தார்.

நல்ல மனிதர். ஒவ்வொரு சுவரிலும் கருவியை வைத்து, "சுவர் காய்ந்திருக்கிறது, நல்ல வீடு" என்று சொல்லிக்கொண்டே வந்தார். தாரணியும் கூடவே வந்து பார்த்தாள். நான் சமையலறையில் டீ போடுகிற சாக்கில் நின்றுகொண்டேன். படிக்கட்டு அறையை அவர் திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

மீந்துபோன எருவைப் பாதி மூட்டையாகக் கட்டி, கோட்டுகளுக்குப் பின்னால் வைத்து மறந்தே போயிருந்தேன். மேலே ஒரு பிடி வைக்கோல். அதன்மேல் சாம்பலும் பச்சையுமாகப் படர்ந்திருந்தது, நான் ஒன்பது மார்க் வாங்கிய படம்.

தாரணி துப்பட்டாவால் மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள். வந்தவர் மூட்டையை இன்னொரு பைக்குள் போட்டு இறுக்கிக் கட்டி, தானே வெளியே எடுத்துப்போனார். அவர் போன பிறகு நான் வாசல்படியில் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். பிறந்தபோது நேர்ந்ததிலிருந்து வாய்க்கால் வரைக்கும்.

"நர்ஸ் கேட்டப்போ ஏம்மா இல்லைன்னு சொன்ன?"

"சாமி காரியம்..."

"சாமிக்கு எதுவும் தெரிய வேண்டியதில்ல. டாக்டருக்குத் தெரியணும்மா. அவங்க தப்பான எடத்துல தேடிட்டு இருக்காங்க."

அங்கேயே உட்கார்ந்து நர்ஸுக்குப் போன் போட்டாள். திட்டு விழப்போகிறது என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் ஆங்கிலத்தில் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "என் அம்மா என் நுரையீரலுக்காக ஒரு வேண்டுதல் செய்தார்கள். அதில் மக்கிய எருவும் வைக்கோலும் உண்டு. வீட்டுக்குள் பத்து நாள் இருந்தது. மீதி எரு மூட்டை இன்றுவரை இருந்தது. குறித்துக்கொள்ளுங்கள்." அவ்வளவுதான். குற்றம் சொல்லவில்லை, எனக்காக மன்னிப்பும் கேட்கவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னாள். இத்தனை வருஷமாக இந்தப் பிள்ளையை நான் காப்பாற்றி வருகிறேன் என்று நினைத்திருந்தேன். யார் யாரைக் காப்பாற்றுகிறார்கள் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அந்த எருதான் காரணம் என்று டாக்டர் சொல்லவில்லை. பூஞ்சை எங்கிருந்தும் வந்திருக்கலாம் என்றார். என் மனம் சமாதானம் ஆகட்டும் என்று சொன்னாரா, உண்மையாகவே சொன்னாரா, தெரியாது. நான் இரண்டையும் ஏற்றுக்கொண்டேன்.

6

பல மாதம் வைத்தியம் நடந்தது. சண்டையை அடக்க ஸ்டீராய்டு, பூஞ்சைக்கு ஒரு மாத்திரை. அந்தப் பூஞ்சை மாத்திரையை கோலாவோடு குடித்தால் உடம்பில் நன்றாகச் சேரும் என்றார்கள். வீட்டுக்குள் கோலாவே நுழையக்கூடாது என்று சட்டம் போட்டிருந்த நான், கடையில் போய் அட்டைப் பெட்டியாக வாங்கிவந்தேன். தாரணிக்கு முகம் ஊதியது. பள்ளியில் படம் எடுத்த அன்று, "நிலா மாதிரி இருக்கேன்ல?" என்று கேட்டுவிட்டு, அந்த முகத்தோடேயே சிரித்துக்கொண்டு நின்றாள்.

ஒருநாள் அவளே கேட்டாள். "அந்த நேர்த்திக்கடன் முடிஞ்சிருச்சா?"

"இல்லம்மா. ஊர்ல, உன் தலையில எடுத்தாத்தான் கணக்கு."

"சரி. நான் எடுக்கிறேன். ஆனா என் ரூல்ஸ்."

என் அண்ணன் மனைவி செல்வராணி மதினிக்கு வீடியோ கால் போட்டாள். எங்கள் தெரு முளைப்பாரியை வருஷாவருஷம் முன்னின்று நடத்துவது மதினிதான். தாரணி தனக்குத் தெரிந்த தமிழில் ஆரம்பித்தாள்.

"அத்தை, என் நுரையீரல்ல காளான் இருக்கு."

"காளானா? இடி இடிச்சா மொளைக்குமே, அதா? ஏன்த்தா முத்து, என்னடி சொல்லுது இந்தப் புள்ள?"

முத்து நான்தான். புகுந்து விளக்கினேன். சோற்றில் பூக்குமே, ஈர வைக்கோலில் வெள்ளையாய்ப் பிடிக்குமே, அது. மதினி முகம் மாறியது. எரு வைக்கக்கூடாது, வைக்கோல் வைக்கக்கூடாது, இருட்டு அறையில் பூட்டி வளர்க்கக்கூடாது என்று தாரணி ஒவ்வொன்றாகச் சொன்னாள். நான் இடையில் மெல்லச் சொன்னேன், "மதினி, வெளிச்சத்துல வச்சா பாரி கட்டையாப் போயிருமே. கட்டையா மொளைச்சா வீட்டுக்கு ஆகாதும்பாகளே."

மதினி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். பிறகு சொன்னார், "பாரி ஒசரமா வளரணும்னா நேந்த? புள்ள வளரணும்னுதான நேந்த? சொல்றவுக சொல்லட்டும். ஆத்து மணலைக் கழுவிக் காயவச்சு நான் போடுறேன். நீங்க வந்து சேருங்க."

அதோடு இன்னொன்றும் செய்தார். முளைப்பாரி எடுக்கிறவள் குலவை போட வேண்டாமா என்று, வீடியோவிலேயே குலவை போட்டுக் காட்டினார். தாரணி அதைப் பிடித்துக்கொண்டாள். மூச்சுப் பயிற்சி முடிந்ததும் நாக்கைச் சுழற்றிப் பழகுவாள். முதல் வாரம் ஐந்தாறு நொடியில் இருமல் வந்துவிடும். ஒரு சனிக்கிழமை பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டி, உங்கள் வீட்டு அலாரம் அடிக்கிறதே, தீயா என்று கேட்டார். மூச்சுப் பயிற்சி சொல்லித்தரும் பெண்ணிடமும் தாரணி போட்டுக் காட்டினாள். நீளமாக மூச்சை விடுவது நல்லதுதான், போடு என்று அவளும் சொல்லிவிட்டாள்.

7

டாக்டர் போகலாம் என்றார். நர்ஸ் ஒரு பக்கத்துக்குக் கட்டளைகள் எழுதிக் கொடுத்தாள். ஈஸ்டர் விடுமுறையும் பங்குனிப் பொங்கலும் ஒன்றாக வந்தன. மதுரை விமான நிலையத்தில் ஆவி மருந்துக் கருவியைப் பிரித்துக் காட்டச் சொன்னார்கள். ஆஸ்பத்திரிக் கடிதத்தை ஒருவர் மாற்றி ஒருவர் படித்தார்கள். கடைசியாகப் படித்தவர் தலையை நிமிர்த்தி, "பாப்பா, பாத்துப் போங்க" என்றார். காரியாபட்டி தாண்டியதும் தாரணி முகக்கவசத்தை மூக்கோடு அழுத்திக்கொண்டு ஜன்னல் வழியே கரிசலைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

அண்ணன் வீட்டு வாசலில் இறங்கியதும் ஏதோ குறைகிறது என்று பட்டது. வீட்டை ஒட்டி எப்போதும் நிற்கும் வைக்கோல்படப்பைக் காணவில்லை. கொட்டத்தில் மாடும் இல்லை.

"படப்ப எங்கண்ணே?"

"புஞ்சைக்குக் கொண்டுபோயாச்சு. மாட்டையும் அங்கிட்டே கட்டியாச்சு." அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "உன் மதினி ஒரு வாரமா என்னைய ஒக்கார விடல."

சாப்பாட்டு நேரத்தில் தாரணி மாத்திரையை எடுத்தபோது, "சோறு திங்கவா மாத்திர?" என்று பக்கத்து வீட்டுப் பெண்கள் வாயில் கை வைத்தார்கள். உப்புக்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. வெயிலில் உப்பு அதிகம் சேர்க்க வேண்டும் என்று உணவு நிபுணர் எழுதித் தந்ததை நான் வாசித்துக் காட்டினேன். மதினி மோர்மிளகாயையும் நார்த்தங்காய் ஊறுகாயையும் நீராகாரத்தையும் எடுத்துவைத்து, "இதுக்கு எதுக்குக் கடுதாசி?" என்றார். அவளுடைய நோய்க்குத் தோதாக எங்கள் ஊரில் ஒன்றாவது இருந்ததே என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

கொல்லையில் வேப்பமர நிழலில், வெளிச்சமும் காற்றும் படும்படி தாரணியின் சட்டி இருந்தது. கழுவிய மணல், பயறு, வேறொன்றும் இல்லை. பூட்டிய அறையிலிருந்து மற்றவர்கள் எடுத்துவந்த பாரிகள் முழ உயரத்துக்கு மஞ்சளாக நின்றன. தாரணியுடையது நாலு விரல் உயரம், நல்ல கரும்பச்சை.

"என்ன மதினி, பாரி வெயில்ல கருத்துப்போச்சு? கீரைப்பாத்தி கணக்கா இருக்கு," என்று ஒருத்தி சிரித்தாள்.

"எங்க புள்ளைக்கு வெளிச்சம் வேணும். அதான் பாரிக்கும் வேணும்," என்றார் மதினி.

ஊருணிக்குக் கிளம்பும் நேரம் தாரணி அசையாமல் நின்று மேலே பார்த்தாள். தெருவில் கட்டியிருந்த தோரணம் எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்க்கிறாள். காற்று எதிரேயிருந்து வந்தது. "நான் வரிசைக்கு முன்னால போனா எரு தூசி என் மேல வராது. பின்னால போனா வரும்," என்றாள். முன்னால் போக வேண்டியது கோயில் பாரி. அதை மீறி எங்கள் தெருவில் யாரும் நடந்ததில்லை. இந்த ஒரு காரியத்துக்காக இவ்வளவு தூரம் வந்து, திரும்பிப் போய்விடலாம் என்று சொல்ல வாயெடுத்தேன்.

கோயில் பாரியைத் தலையில் வைத்திருந்த பேச்சியம்மாள், மதினியிடம் என்ன ஏது என்று கேட்டாள். மதினி சொன்னார். பேச்சியம்மாள் ஓரமாக ஒதுங்கி வழிவிட்டாள்.

"புள்ள முன்னால போகட்டும். கோயில் பாரி பின்னால வந்தா சாமி கொறஞ்சா போயிரும்?"

நான் அழுதுவிட்டேன். இந்தத் தெருவை நான் இத்தனை வருஷம் புழுதியாக மட்டுமே நினைத்துப் பயந்து கிடந்திருக்கிறேன்.

மதினி சட்டியைத் தூக்கித் தாரணியின் தலையில் வைத்தார். தாரணி ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டாள். பின்னால் முப்பது பாரிகள், கடைசியில் கொட்டு. முன்னால் காலியான மண்ரோடும் எதிர்க்காற்றும்தான். பூஞ்சை அவளுக்குள் இன்னும் இருக்கிறது. முழுதாகப் போகும் என்று யாரும் சொல்லவில்லை. அது அவளுக்கும் தெரியும். இன்னொரு கையால் முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கினாள். என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள்.

குலவை ஆரம்பித்தது. நானும் கூடச் சேர்ந்தேன். ஐந்தாறு நொடி தாண்டியது. இருமல் வரப்போகிறது என்று காத்திருந்தேன், வரவில்லை. மதினி பக்கத்தில் ஓடிவந்துகொண்டே கத்தினார், "விடாத தாயி, விடாத, விடாத!"

எனக்கு மூச்சு முடிந்து நான் நிறுத்தினேன். அவள் இன்னும் நிறுத்தவில்லை.